எழுதியவரே சேர்க்கக் கூடாது

1

இந்தக் கதைக்கு வித்து ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என்னுடையது இல்லை; ஒட்டுக்கேட்டது.

உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் கூடி எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. இணையதளம் நடத்துவதற்கானது. செய்தித்தாள், நகராட்சி, கோயில் என்று எவருடைய தளமும் அதன்மேல் ஓடலாம். அதை எழுதுகிறவர்கள் அவ்வப்போது ஏதாவது ஓர் ஊரில் மாநாடு கூட்டுவார்கள். இந்தமுறை கனடாவில், எங்கள் ஊரான மொன்றியலில் கூட்டினார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எங்கள் வாசகர் வட்டத்தின் இணையதளத்தை, "நீர்தானே எழுதுகிற ஆள்" என்று நண்பர் சிவநேசம் என் தலையில் கட்டிவிட்டார். எழுதுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டது சபையில் எடுபடவில்லை. ஆகவே மாநாட்டில் புதியவர்களுக்கு நடந்த இலவச வகுப்புக்குப் போனேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் கோப்பிக்கு வரிசையில் நிற்கிறேன். பிரெஞ்சும் ஆங்கிலமும் இரைந்துகொண்டிருந்த அந்தக் கூடத்தில், எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னது:

"நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் பாக்காமல் நான் சேர்க்கமாட்டன்."

திரும்பிப் பார்த்தேன். நீள மேசையில் ஒரு பெண், எதிரே ஓர் ஆண், இருவர் முன்னும் மடிக்கணினி. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. பெயர், ஊர், உறவு, சண்டை எல்லாம் நான் வைத்தவை. நன்றாகத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஒரு வாக்கியத்துக்கு வீடு கட்டிக் குடியேற்றுவது எனக்குக் கைவந்த வேலை.

2

தொடக்கம் ஒன்று: "வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜெயனி தன் கையுறைகளை—"

வேண்டாம். மாநாடு நடந்தது ஜூன் மாதத்தில். இந்த ஊரிலிருந்து தமிழில் எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம்; நானே எத்தனையோ கதைகளைப் பனியில் புதைத்திருக்கிறேன். இந்தக் கதையாவது கொஞ்சம் வெயில் காயட்டும்.

தொடக்கம் இரண்டு: "அஷ்வத்தை விவாகரத்துச் செய்து நான்கு வருடங்கள் ஆன பிறகும் ஜெயனியால் அவனை—"

இதுவும் வேண்டாம். 'மறக்க முடியவில்லை' என்று முடியப்போகிற வாக்கியம் இது. அப்படி முடித்தால் ஜெயனி என்னை உதைப்பாள். அவள் நன்றாகவே மறந்திருந்தாள். அவன் குறட்டை, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிற பழக்கம், கார் ஓட்டும்போது விசிலடிப்பது எல்லாம் போயே போய்விட்டன. போகாமல் ஒன்று இருந்தது. அதற்குத்தான் வருகிறேன்.

தொடக்கம் மூன்று. இது நிற்கும்:

மாநாட்டில் ஜெயனியை யாருக்கும் பெயரால் தெரியாது. இணையத்தில் அவள் தன் முகத்துக்குப் பதிலாக வைத்திருந்தது தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி கொதிக்கவைக்கிற ஒரு சிவப்புக் கேத்திலின் படம். கழுத்தில் தொங்கிய அட்டையிலும் அதையே ஒட்டியிருந்தாள். பெல்ஜியத்திலிருந்து வந்த தாடிக்காரர் ஒருவர் அட்டையைக் கண்டதும், அந்தக் கேத்தில் நீதானா என்று கூவிக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தார். வருடக்கணக்காக எழுத்தில் பழகியவர். நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. ஜெயனிக்கு அன்று முழுவதும் கால் தரையில் படவில்லை.

(அவள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மாடிவீட்டு அயலவர்களுக்கு அவள் 'கொம்பியூட்டரில் ஏதோ செய்கிற பிள்ளை'. இங்கே அவள் பேச எழுந்தபோது அறையில் உட்கார இடமில்லை. இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு பத்தி கண்ணீர் எழுதலாம். எழுதப்போவதில்லை, அவளுக்கு இரண்டு இடமும் பிடித்திருந்தது.)

3

அவள் பேசியது தன் மொட்யூலைப் பற்றி. மொட்யூல் என்றால், அந்தப் பெரிய மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன வேலையை மட்டும் செய்கிற துண்டு நிரல். இவளுடையது செய்கிற வேலை இதுதான்: நீங்கள் கேட்ட மொழியில் ஒரு பக்கம் இல்லாவிட்டால், அடுத்து எந்த மொழியில் காட்டுவது என்று அது முடிவு செய்யும். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு குடியிருப்பாளர் சங்கத்துக்காக ஜெயனியும் அஷ்வத்தும் சேர்ந்து எழுதியது. இப்போது எங்கெங்கோ நூலகங்களில் ஓடுகிறது. அதன் முகப்பில் பராமரிப்பவர்கள் என்று இரண்டு பெயர்கள். இவள் பெயரும் அவன் பெயரும்.

அஷ்வத் திருச்சிக்காரன். படிக்க வந்தவன். ஜெயனி யாழ்ப்பாணத்திலிருந்து சிறுபிள்ளையாக வந்தவள். கல்யாணமான புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவன் அவளிடம் காட்டாமல் மொட்யூலில் ஒரு சின்னத் திருத்தத்தைச் சேர்த்துவிட்டு அவளைச் சாப்பிடக் கூட்டிப்போனான். தோசை வருமுன் தொலைபேசி வந்தது. சங்கத்தின் தளம் ஓர் எழுத்துக்கூட இல்லாமல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மறுநாள் அவர்களுக்குக் கூட்டம். தோசையை விட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். (ஏதாவது உடைந்தால் வாரக்கடைசியே போய்விடும் என்று, இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை எதையும் தொடமாட்டார்கள். அன்று அஷ்வத்துக்குத் தோசைமேல் ஆசை.)

அந்த வாரம் ஜெயனி சட்டம் போட்டாள்: எழுதியவரே சேர்க்கக் கூடாது. ஒருவர் எழுதினால் மற்றவர் வரி வரியாகப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சேர்ப்பது. அஷ்வத் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான்.

சட்டம் மொட்யூலோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு அது வரவில்லை. ஒருநாள் அவன் ஆற்றுக்கு அப்பால் லவாலில் வீடு ஒன்றை வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "வீடு முடிச்சிட்டேன்" என்றான். இவள் அதே மாதத்தில், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் வீடு திரும்புகிற நேரத்தில் தொடங்குகிற பின்னேர வேலை ஒன்றை ஏற்றிருந்தாள். யார் முதலில் செய்தது? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் குடும்பம் உடைந்தது.

குழந்தை வைக்கலாமா என்றும் யோசித்தேன். வைத்தால் இவர்கள் பேசிக்கொள்ள வேறு காரணம் வந்துவிடும். ஆகவே குழந்தை இல்லை. சோறு ஆக்கும் குக்கர் அவளுக்கு, புத்தகங்கள் பாதிப் பாதி. மொட்யூலைத்தான் பிரிக்க முடியவில்லை.

4

இனி, போகாமல் இருந்த அந்த ஒன்று.

பிரிந்த பிறகும் சட்டம் தொடர்ந்தது. அவள் ஒரு மாற்றத்தை எழுதி அனுப்புவாள். அவன் பார்த்து, உலகமே படிக்கக்கூடிய அந்தத் திறந்த பக்கத்தில், ஆங்கிலத்தில் எழுதுவான்: இந்த வரி அருமை, அடுத்த வரி எதற்கு? அவள் ஏன் என்று விளக்குவாள். அவன் ஒத்துக்கொள்வான், அல்லது இன்னொரு வழி காட்டுவான். இவ்வளவு பொறுமையாக, இவ்வளவு மரியாதையாக, மணவாழ்க்கையில் ஒருநாளும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. வேறு எங்கேயும் பேசிக்கொள்வதும் இல்லை.

இதைக் காதல் என்று எழுதினால் பொய். தான் செய்ததை ஒருவர் கவனமாகப் படிக்கிறார் என்கிற சந்தோஷம் அது. ஜெயனிக்கு அது வேண்டியிருந்தது. எனக்கும் அது வேண்டித்தான் இருக்கிறது; இல்லாவிட்டால் உங்களை ஏன் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வருகிறேன்?

5

அஷ்வத்தோடு எனக்குத் தகராறு. அவனைக் கெட்டவனாக்கலாம் என்றுதான் கொண்டுவந்தேன். ஈரத்துண்டுக்குமேல் அவன் கெட்டுப்போக மறுத்துவிட்டான்.

அவன் மொட்யூலை விட்டுப் போக வேண்டும். கதைக்கு அது தேவை. ஏன் போகிறான்? முதல் வரைவில் அவனுக்குச் சிசிலி என்று ஒருத்தியைப் படைத்தேன். நீலச் சட்டை, நல்ல சிரிப்பு. "சிசிலிக்கு அவன் பெயர் பழைய மனைவியின் பெயரோடு அங்கே கிடப்பது பிடிக்கவில்லை, அதனால் அவள்—" என்று எழுதும்போதே அலுத்தது. எடுத்துவிட்டேன். சிசிலி, நீங்கள் வேறு நல்ல கதையில் வாருங்கள்.

காரணம் சாதாரணமானது. றொரன்ரோவில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இதே வேலையைச் செய்கிற, ஆனால் விலைக்கு விற்கிற மென்பொருள் ஒன்றின் கொம்பனி. அங்கே சேருகிறவர்கள் வெளியே வேறெந்த மென்பொருளையும் பராமரிக்கக் கூடாது என்று விதி.

6

மாநாட்டின் இரண்டாம் நாளில் பேச்சு கிடையாது. நீள மேசைகளில் எல்லோரும் கலந்து உட்கார்ந்து, தேங்கிக் கிடக்கும் வேலைகளை முடிப்பார்கள். அஷ்வத் வந்து ஜெயனிக்கு எதிரே உட்கார்ந்தான். முதல்நாள் அவள் பேசியபோது கடைசி வரிசையில் இருந்ததாகச் சொன்னான். கண்டேன் என்றாள். றொரன்ரோ வேலையைச் சொன்னான். நல்லது என்றாள். பிறகு அவன் தன் கணினியில் எதையோ தட்ட, அவள் திரையில் ஒரு மாற்றம் வந்து நின்றது. அவள் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய மாற்றம். ஒரே ஒரு வரி. முகப்பிலிருந்து அவன் பெயரை நீக்குகிற வரி.

முதலில் வந்தது கோபம். போகிறவன் போக வேண்டியதுதானே. கையெழுத்து வாங்கிக்கொண்டா போவது? தன் பெயரை எடுக்க அவனுக்கு இவள் தேவையே இல்லை. மொட்யூலின் செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது.

"ஏன் இதை எனக்கு அனுப்பினனீங்கள்?" என்றாள். "நீங்களே எடுத்திருக்கலாம்தானே?"

அவன் தன் மடிக்கணினியைப் பாதி மூடினான்.

"எடுத்திருக்கலாம். ஒரு பட்டன்தான்," என்றான். "லவால் வீட்டை உன்னைக் கேக்காம முடிச்சேன், ஜெயனி. இதையாவது கேட்டுட்டுப் பண்ணணும்னு தோணுச்சு."

இந்த ஒரு வாக்கியத்தை நான்கு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் இவளும் தன் பின்னேர வேலையைப் பற்றிச் சொல்லியிருப்பாளா? அது அவளுக்கே தெரியவில்லை. இவள் சரி என்று அழுத்தினால் அவன் போய்விடுவான். அந்தத் திறந்த பக்கத்தில் பொறுமையாகப் பேசிக்கொண்ட இரண்டு பேரும் இல்லாமல் போவார்கள். அழுத்தாவிட்டால், கேட்காமல் எடுக்க மனமில்லாத அவனுக்கு வேலை இல்லை.

7

முடிவு அ: இந்த மாநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மென்பொருளுக்கு முதன்முறையாக வேலை செய்து தந்த ஒருவரை மேடைக்கு அழைத்து, அவர் எழுதியதை எல்லோர் முன்னாலும் சேர்ப்பார்கள். கூடமே எழுந்து கைதட்டும். நான் கண்கலங்கிப்போனேன். அந்த மேடையில் இவர்களை ஏற்றினால் என்ன? "விளக்குகள் மங்க, ஜெயனியும் அஷ்வத்தும் கைகோத்து—" இல்லை. இவர்கள் புதியவர்கள் இல்லை. தவிர, கைதட்டலில் எல்லாச் சத்தமும் அமுங்கிப்போகும்.

முடிவு ஆ: ஜெயனி சரி என்று அழுத்துகிறாள், எழுந்து வெளியே வருகிறாள், மெட்ரோவில் ஏறி, யன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அழுகிறாள்.

இதைத்தான் வைத்திருந்தேன். அழகாகவும் வந்திருந்தது. சிவநேசத்திடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

"நீர் ஏன் அவளை அழவைக்கிறீர்?" என்றார். "அவள் வேலை தெரிஞ்சவள் எல்லோ. வேலையைச் செய்ய விடும்."

எனக்குச் சுள்ளென்றுதான் இருந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், அவர் சொன்னது சரி என்று பட்டது.

8

ஜெயனி சரி என்றும் அழுத்தவில்லை, இல்லை என்றும் அழுத்தவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்து மேசையில் இருந்த பெல்ஜியத் தாடிக்காரரிடம் கேட்டாள்: இனி என் வரிகளைப் பார்க்க ஆள் வேண்டும், வருவீர்களா? அவர் வரமாட்டேன் என்றா சொல்வார்? திரும்பி வந்து உட்கார்ந்து, அஷ்வத் அனுப்பிய மாற்றத்தின்மேல் தன் மாற்றத்தை எழுதினாள். பராமரிப்பவர்கள் என்ற இடத்திலிருந்து அவன் பெயர் போய்விட்டது. அங்கே தாடிக்காரர் பெயர் வந்தது. அதற்குமேல் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: தொடங்கியவர்கள் ஜெயனியும் அஷ்வத்தும். அதன் கீழே, இதுவரை எங்கும் எழுதிவைக்காத சட்டத்தை முதன்முறையாக எழுதினாள்: எழுதியவரே சேர்க்கக் கூடாது.

"இனிச் செய்யிறதைத்தான் கொம்பனி தடுக்கலாம்," என்றாள். "செய்து முடிச்சதை அழிக்கேலாது."

பிறகு மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

"நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் பாக்காமல் நான் சேர்க்கமாட்டன்."

கோப்பி வரிசையில் நின்ற நான் திரும்பிப் பார்த்தது இந்த இடத்தில்தான். அந்த ஆண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். அவசரமே இல்லை. அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொத்தானை அழுத்தவில்லை. ஏதோ தட்டச்சு செய்யத் தொடங்கினார். அப்போது என் முறை வந்துவிட்டது. பாலா, கறுப்பா என்று பிரெஞ்சில் கேட்டார்கள். கோப்பியை வாங்கிக்கொண்டு நான் திரும்பும்போது மேசை வெறுமையாகக் கிடந்தது.

அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அஷ்வத் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியும். இரண்டு விதமாக எழுதி, இரண்டும் நன்றாகவே வந்து, கையில் வைத்திருக்கிறேன். ஒன்றில், தொடங்கியவர்கள் வரியிலும் தன் பெயர் வேண்டாம் என்கிறான், காரணத்தோடு. மற்றதில், பெயர்களோடு ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்கிறான்: தொடங்கியது நாம் இருவர், ஆனால் சட்டம் போட்டது நீ, அதையும் எழுது என்கிறான்.

எதை வைப்பது என்று நானே முடிவு செய்துவிடலாம். என் கதை, ஒரு பொத்தான்தான். ஆனால் ஜெயனியின் சட்டத்தை இவ்வளவு நேரம் மெச்சிவிட்டு, கடைசி வரியில் நானே மீறினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இரண்டும் உங்கள் முன்னால் இருக்கின்றன. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காமல் நான் சேர்க்க மாட்டேன்.