மிக்கேல் திருநாளுக்கு முன்

அலுமாரியின் அடித்தட்டுவரை கையை விட்டுத் துழாவியும் பியட்றிஸுக்கு அந்த வெள்ளை விரிப்பு அகப்படவில்லை. பூப்போட்டவை இரண்டு கிடைத்தன. நீலக் கோடு போட்டது ஒன்று கிடைத்தது. மகளின் முதல்நன்மைக்கு வாங்கிய மேசைத்துணிகூட மடிப்புக் கலையாமல் கிடைத்தது. டொரதி கண்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வாங்கிக் கொடுத்த, ஓரத்தில் பின்னல் வைத்த அந்த ஒன்று மட்டும் இல்லை.

"அம்மா, ஃபாதர் மூணு மணிக்கு வந்துருவாரு. பெட்டி வைக்கிற மேசையில விரிக்க ஒண்ணுமே இல்லையா?" டொரதி அறை வாசலில் நின்று கேட்டாள்.

"இருந்துச்சு. ஒங்கப்பா கைபட்ட எது இந்த வீட்டுல எடுத்த எடத்துல இருந்திருக்கு? ராக்கம்மா வீட்டுல கேட்டு வாங்கிட்டு வா."

டொரதி ராக்கம்மாவைத் தேடிப் போனாள். முன்னறையில் அவள் அப்பா மனுவேல், கோத்த விரல்களுக்கிடையே செபமாலை சுற்றியிருக்க, யாருடைய பேச்சுக்கும் பதில் சொல்லத் தேவையற்றவராகப் படுத்திருந்தார். சுற்றிலும் அமர்ந்திருந்த பெண்கள் செபமாலையின் மூன்றாம் தேவரகசியத்துக்கு வந்திருந்தார்கள்.

விரிப்பு எங்கே இருக்கும் என்பது பியட்றிஸுக்குத் தெரியும். தெரிந்தும் அலுமாரியைக் கிளறியது, அங்கே இருந்துவிடாதா என்ற நப்பாசையால்தான். பின்கட்டுக்குப் போய்க் கோழிக்கூட்டின் தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மூங்கில் கழிகளுக்கிடையே, தொட்டில்போலத் தொய்ந்து, அது அங்கேதான் கட்டப்பட்டிருந்தது. இழுத்து அவிழ்த்தபோது போன வருடத்துச் சருகு அவள் தலையில் கொட்டியது. நடுவில் பச்சையும் பழுப்புமாகக் கறை. எத்தனை முறை சவர்க்காரம் போட்டு அடித்தும் போகாத கறை.

"விதை தூசிமாதிரி இருக்கும் பியட்றிஸு. வெள்ளைத் துணியிலதான் கண்ணுக்குத் தெரியும்" என்று அவர் சொன்னதும், "அப்ப ஒங்க வெள்ளைச் சட்டையை விரிங்க" என்று அவள் சொன்னதும் இந்த இடத்தில் நின்றுதான். அடுத்த நாள் அவர் சட்டையையும் விரித்திருந்தார்.

விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு, எதிரே தெரிந்த சரிவில் ஏதோ குறைவதாகப் பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. நேற்றுவரை காற்றுக்கு அலையடித்துக்கொண்டிருந்த சரிவு இப்போது அசையாமல் கிடந்தது. சாவுக்கு நட்ட வெள்ளைக் கொடிகள் மட்டும் நூல் பிடித்தாற்போல் இரண்டு வரிசையாக மேலே ஏறிப்போயின.

மேலேயிருந்து நான்கு ஆண்கள் தோளில் கத்தியுடன் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் கறுப்பையா. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே உள்ள இந்தத் தோட்டத்தில் மனுவேலும் அவரும் முப்பது வருடம் ஒன்றாகப் புல்வெட்டியவர்கள். தேயிலைக்கு நடுவே தப்பி முளைத்த எதையும் உயிரோடு விட்டதில்லை என்று பெயரெடுத்தவர்கள்.

"பாதை தயார் தங்கச்சி" என்றார் கறுப்பையா, முகத்தைத் துண்டால் துடைத்தபடி. "ஓடையைச் சுத்திப் போனா பெட்டி தூக்குறவன் இடுப்பு ஒடிஞ்சிரும். அதான் அவன் நெலத்துக்குள்ளயே நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை எடுத்துட்டோம். பாதையை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை அப்படியே விட்டா அசிங்கமா இருக்குமில்ல? முழுசையும் மொட்டை அடிச்சாச்சு. கணக்கப்புள்ள வந்து பாத்தாலும் ஒரு கொறை சொல்ல முடியாது."

"யாரு வெட்டச் சொன்னது?"

"சாவு வீட்டுக்குப் பாதை வெட்ட யாராச்சும் சொல்லணுமா?" கறுப்பையா சிரித்தார். "அவன் இருந்திருந்தா விட்டிருப்பானா? ஒரு கால் உள்ள வச்சாலே கத்துவான். இன்னிக்குத்தான் கத்தாமப் படுத்திருக்கான்."

பின்னால் நின்ற மூவரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அது மரியாதையான சிரிப்புத்தான். விடியற்காலையில் எழுந்து, அரைநாள் வேலையை விட்டு, கூலி கேட்காமல் செய்த உபகாரம் அது. அதற்கு என்ன சொல்லிக் கோபப்படுவது?

பியட்றிஸ் அவர்களைக் கடந்து சரிவில் ஏறத் தொடங்கினாள்.

"பியட்றிஸு, பொணத்தை விட்டுட்டு எங்க போற?" பின்வாசலில் ராக்கம்மாவின் குரல் கேட்டது. "சனம் என்ன சொல்லும்?"

சனம் என்ன சொல்லும் என்பதைத்தான் எட்டு வருடமாக அவளும் இந்த மனிதரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தார் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண் தேறட்டும் என்று மானாப்புல்லை நட்டுவிட்டுப் பிறகு திரும்பியும் பாராத சரிவு அது. மானா ஆளுயரம் வளர்ந்து, வேறொன்றையும் தலைதூக்கவிடாமல் மலையை மூடிக்கொண்டது. பழைய பத்தனையை, அதாவது தேயிலை வருவதற்கு முன்னால் இந்த மலைகளில் இருந்த புல்வெளியை, மறுபடியும் கொண்டுவரப் போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. மனுவேல் அதில் வேலைக்குச் சேர்ந்தார். ஐந்தாம் வருடம் திட்டம் முடிந்தது, மனுவேல் முடிக்கவில்லை.

அவர் செய்த வேலையை வெளியே சொல்லவே அவளுக்குக் கூச்சம். ஊரெல்லாம் மண்ணுக்கு உரம் போட, இவர் மண்ணைப் பட்டினி போட்டார். வெட்டிய மானாவை ஓர் இலைகூட மட்கவிடாமல் சுமந்து வெளியே கொட்டினார். கொழுத்த மண்ணில் மானாதான் ஜெயிக்கும், மெலிந்த மண்ணில்தான் மற்றவை பிழைக்கும் என்றார். மேலே பாறைகளுக்கிடையே மிச்சமிருந்த பத்தனையில் விதை முற்றும் நாளில் புல்லறுத்து வந்து, அந்த வைக்கோலை இங்கே உதறினார். வெட்டுவதற்கும் விடுவதற்கும் அவருக்குக் கோயில் திருநாட்கள்தான் கணக்கு. மாதாவின் பரலோகத் திருநாளுக்குள், கதிர் விடுமுன்னே, மானாவை வெட்டிவிட வேண்டும். மற்றவற்றின்மேல், செப்டம்பர் கடைசியில் மிக்கேல் சம்மனசு திருநாள் கழியும்வரை கத்தி படக்கூடாது.

மிக்கேல் திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவள் சரிவின் நடுவில் நின்றாள். எங்கும் ஒரே மட்டமாக, விரற்கடை உயரத்துக்கு அரிதாள். கறுப்பையா சுத்தமான வேலைக்காரர். கீழ்ப்பக்கத்தில், மனுவேல் கற்களை வட்டமாக அடுக்கி வைத்திருந்த இடத்திலும் அதே மட்டம்தான். கற்களைக்கூட அழகாக ஓர் ஓரத்தில் குவித்திருந்தார்கள். அந்த வட்டத்துக்குள்தான் இந்த வருடம் முதன்முறையாக ஊதாப்பூ பூத்தது. ஒரே வருடம் வாழும் செடி. விதை விழாவிட்டால் மறுவருடம் கிடையாது. ஏழு வருடம் தூவி ஏழு வருடமும் முளைக்காதது, இந்த முறை நாற்பத்தொரு செடியாக நின்றது. நாற்பத்தொன்றையும் அவர் தினமும் எண்ணினார். சோறு ஆறிப்போவதை ஒருநாளும் அவர் எண்ணியதில்லை.

மூன்று நாள் முன்னால் கண்டி ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர், இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டுபோனவளிடம், சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "கறுப்பையாகிட்டச் சொல்லிரு. மிக்கேல் திருநாள் வரைக்கும் அங்க யாரும் கத்தி வைக்கக்கூடாது. காய் இன்னும் பச்சை" என்றார்.

"மொதல்ல கஞ்சியைக் குடிங்க."

"சொல்லிருவியா?"

"சொல்றேன், சொல்றேன்."

வீட்டுக்கு வரும் வழியில் கறுப்பையா லயத்து வீட்டு வாசலில் நின்று, "மனுவேல் எப்படி இருக்கான் தங்கச்சி?" என்று கேட்டார். "அப்படியேதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மறந்துவிடவில்லை. படுக்கையில் கிடந்தும் புல்லைப் பற்றியே பேசும் மனிதருக்காக இன்னொரு வாசலில் நின்று தானும் புல்லைப் பற்றிப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மறுநாள் விடியுமுன் ஆஸ்பத்திரியிலிருந்து டொரதிக்கு அழைப்பு வந்துவிட்டது.

"தள்ளி நில்லு தங்கச்சி." கறுப்பையா பின்னாலேயே ஏறி வந்திருந்தார். சரிவின் ஓரத்தில் வெட்டிய புல் இடுப்புயரத்துக்குக் குவிந்திருந்தது. அவர் கையில் நெருப்புப்பெட்டி. "ஈரம் பட்டா இதுல அட்டை அடையும். வர்ற சனத்துக் காலெல்லாம் ஏறும். ரெண்டு நிமிஷம், எரிச்சிருவோம்."

"வைக்காத."

கறுப்பையாவின் கை நின்றது. இத்தனை வருடத்தில் அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை.

"நெருப்பு வைக்காதீங்க அண்ணே" என்று திருத்திச் சொன்னாள். பிறகு குவியலின் முன் அமர்ந்து கக்கத்திலிருந்த விரிப்பைத் தரையில் விரித்தாள்.

கீழே வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. லாபிர் இறங்கினான். திட்டம் நடந்த காலத்தில் மனுவேலுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவன். இப்போது தெல்தோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். உள்ளே போய் மரியாதை செலுத்திவிட்டு, விசாரித்துக்கொண்டு சரிவுக்கு வந்தான். வெட்டிய நிலத்தைச் சுற்றிப் பார்த்தபடியே குவியலருகே வந்தான்.

"இதுல அந்த ஊதாவைக் கண்டுபுடிச்சுக் குடுங்க தம்பி. பூ இல்லாம எனக்கு அடையாளம் தெரியாது" என்றாள் பியட்றிஸ்.

அவன் குந்தியிருந்து ஒரு தண்டை உருவி, கடுகளவுக் காயொன்றை நகத்தால் கீறிப் பார்த்தான்.

"இன்னும் பதம் வரல்ல அக்கா. தண்டோட நிழல்ல காயப் போட்டா சிலது முத்தும். சிலது சுருங்கிப் போயிரும்."

"எத்தனை தேறும்?"

"அதைச் செல்ல ஏலாது." காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு கிழமை பொறுத்திருந்தா... மனுவேல் அண்ணன் ஆருக்கிட்டயும் செல்லி வைக்கல்லயா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றார் கறுப்பையா அவசரமாக. "சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி வெட்டப் போறேன்?"

பியட்றிஸ் ஒரு கைப்பிடிப் புல்லை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள்.

"எங்கிட்டச் சொன்னாரு" என்றாள்.

கறுப்பையா நெருப்புப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடியும் போட்டார். கீழே இறங்கிப் போனார்.

நாற்பத்தொன்றில் பத்தொன்பதுதான் கிடைத்தன. அதற்குள் டொரதி மூச்சிரைக்க ஏறி வந்து, "அம்மா, ஃபாதர் வந்துட்டாரு. எல்லாரும் ஒன்னையத்தான் கேக்குறாங்க. இங்க ஒக்காந்து புல்லு பொறுக்கிட்டிருக்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அந்தக் குரல் தன்னுடையது என்பது பியட்றிஸுக்குத் தெரிந்தது. விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்து, எழுந்து, மகளின் பின்னால் இறங்கினாள்.

பெட்டி நான்கு மணிக்குப் புறப்பட்டது. கறுப்பையா முன்பக்கத்து இடது தோள். கொடிகளுக்கிடையே ஏறும்போது ஓரிடத்தில் அவர் நடை தடுமாறியது. கற்களைக் குவித்திருந்த இடத்தின் அருகே, மிதிக்கக்கூடாத ஏதோ ஒன்று நிற்பதுபோல், காலை எட்டி வைத்துத் தாண்டினார். அங்கே மிதிபட ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. பின்னால் தூக்கியவர்கள், "பாத்து நடங்கண்ணே" என்று அதட்டினார்கள்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துக் கலைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பியட்றிஸ் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலில் சுவரோரம் அவளுடைய பக்கம், சன்னலோரம் அவருடையது. மழைக்காலத்தில் கட்டிலில் காயப்போடட்டுமா என்று அவர் கேட்டபோதெல்லாம், மனிதர் படுக்கிற இடம் அது என்று சொல்லிவிடுவாள். இப்போது சன்னலோரத்தில் விரிப்பை அவிழ்த்து, சுருக்கம் நீவி, தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே திசையில் அடுக்கினாள். காற்று வராதபடி சன்னலைச் சாத்தினாள்.

"தங்கச்சி."

வாசலில் கறுப்பையா. கையில் கொழுந்துச் சாக்கு, பாதி நிறைந்திருந்தது. குளித்துவிட்டு மறுபடியும் சரிவுக்குப் போயிருக்கிறார்; வேட்டி ஓரமெல்லாம் புல்லரும்பு.

"மிச்சத்தையும் தேடினேன். ஊதா இதுல இருக்கான்னு பாரு. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

அவள் சாக்கைத் தரையில் கொட்டிப் பார்த்தாள்.

"இது மானா. இதுவும் மானாதான். முப்பது வருஷம் வெட்டினீங்க, வெட்டினது என்னன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

"யாரு பாக்கச் சொன்னா" என்றார் கறுப்பையா. சொல்லிவிட்டு, போகாமல், வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவள் மானாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுப்பில் போடத் தனியே வைத்தாள். அடியில், விரிப்பில் கிடந்தவற்றைப் போலவே கடுகளவுக் காய் வைத்த இரண்டு தண்டுகள் கிடைத்தன. கொண்டுபோய் விரிப்பில் மற்றவற்றோடு வைத்தாள்.

இருபத்தொன்று.

பிறகு, விதை உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க மனுவேல் செய்வதுபோலவே, ஆட்காட்டி விரலை நாக்கில் நனைத்து, கறையில்லாத ஓரிடத்தில் மெல்ல அழுத்தி எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பாதையின் புழுதியாக இருக்கலாம். போன வருடத்துச் சருகாக இருக்கலாம்.

டொரதி அடுக்களையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். பியட்றிஸ் விரலைச் சேலையில் துடைக்காமல், அப்படியே நிமிர்த்திப் பிடித்தபடி, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.