உள்பெட்டியில் ஒண்ணாம் நம்பர்

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் உள்பெட்டியைத் திறந்தபோது, அவள் வரைந்த ஒரு ஷூ மாடல்கூட அதில் இல்லை. நூற்று நாற்பத்து மூன்று பேரின் கால்கள். விரல் போன கால், குதிகால் திரும்பிய கால், ஒன்று நெட்டை ஒன்று குட்டை என்று பதினொரு மாதம் முதுகொடிய உட்கார்ந்து வரைந்தவை. துடைத்து வைத்தமாதிரி காலியாக இருந்தது. மூன்று முறை மூடி மூடித் திறந்தாள். அப்படிச் செய்தால் வந்துவிடுமா என்ன? பொருள் தொலைந்தால் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

அது அவள் அண்ணனின் ஷூ பட்டறை. தோல் வெட்டும் மெஷின் கிழடு. அதற்குப் புரிகிற மாடல் வரையும் சாஃப்ட்வேர் அதைவிடக் கிழடு. பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்த பிறகு வாங்கிய புதியதில் அந்த சாஃப்ட்வேர் ஏறவே மாட்டேன் என்றது. கடைசியில் ஒரு கம்ப்யூட்டர்காரர் வந்தார். எப்போது கூப்பிட்டாலும் 'நாளைக்கு வர்றேன்' என்பதால் பட்டறையில் அவருக்கு நாளைக்காரர் என்று பெயர். அவர் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்தார். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அதற்குள் பழைய சிஸ்டம், தான் இன்னும் இளசு என்ற நினைப்போடு எழுந்து உட்காரும். வர்ச்சுவல் மெஷின் என்றார் அவர். பட்டறை வாயில் அது உள்பெட்டி ஆயிற்று.

குடிவைத்த அன்றே அதற்கு ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைத்தார். "ஏதாவது மக்கர் பண்ணினா இதை அமுக்குங்க. இன்னிக்கு இருக்கிற மாதிரியே திரும்பி வந்து நிக்கும். நடுவுல செஞ்ச வேலை போயிடும், பார்த்துக்கங்க" என்றார். அண்ணனும் தங்கையும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

அதில் அவள் வரைந்த முதல் மாடல் அண்ணனுக்கு. அவருக்கு இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ வெட்டியவர், தான் மட்டும் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். வெளியே தெரியாமல் உள்ளே உயரம் ஏற்றி அவள் ஒரு ஜோடி வெட்டினாள். அதைப் போட்ட அன்று, காரணமே இல்லாமல் பட்டறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை நடந்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். பெயர்ப்பலகை பெரிதாயிற்று, அதில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. கேட்டால், "நமக்குள்ள உன்னது என்னதுன்னு இருக்கா?" என்பார். இருந்தது. அவருக்கு எல்லாமே 'என்னது' என்று இருந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கால் பிரிவு திறக்கிறார்கள். திங்கட்கிழமை உங்கள் மாடல்களைக் கொண்டுவந்து காட்டுங்கள், வேலை பற்றிப் பேசுவோம் என்று அவளை அழைத்திருந்தார்கள். ஒளிக்காமல் அண்ணனிடம் சொன்னாள். "நல்லா இரும்மா" என்றார். சொன்ன கையோடு, வைரஸ் வரும் என்று நாளைக்காரரைக் கூப்பிட்டு, உள்பெட்டியிலிருந்து ஃபைலை வெளியே எடுக்கும் ஃபோல்டரை மூடச் சொன்னார். அதிசயமாக அன்று மட்டும் அவர் அன்றைக்கே வந்தார். அவளும் முன்பே நகல் எடுத்திருக்கலாம். அண்ணன் பட்டறைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டாள். மாடல்களை எடுப்பதற்காக, இன்றைக்குத்தான் ஃபோல்டரைத் திறந்துவிட நாளைக்காரரை வரச்சொல்லியிருந்தாள்.

அண்ணன் பசை மேசையில் குனிந்திருந்தார். "நேத்து சாயங்காலம் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு. அமுக்கிட்டேன். எனக்கென்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி?"

பதினொரு மணிக்கு நாளைக்காரர் வந்து வெகுநேரம் துழாவினார். பிறகு அவளுக்குப் புரியட்டும் என்று அந்த பட்டனை அமுக்கிக் காட்டினார். ஒரு பெட்டி வந்தது. திரும்பிப் போகுமுன் இப்போது இருப்பதையும் சேமிக்கவா என்று கேட்டது. பக்கத்தில் ஒரு டிக்.

"இந்த டிக் எப்பவும் போட்டேதான் வரும். இருந்திருந்தா உங்க வேலை தனியா பத்திரமா நின்னிருக்கும்."

"நேத்து தானா எடுபட்டிருக்குமா?"

"எடுபடாதும்மா. கையாலதான் எடுக்கணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் ஃபோல்டரை மூட வந்தப்ப, இந்த டிக் எதுக்குன்னு முதலாளி கேட்டாரு. நானும் வெள்ளந்தியா சொல்லிட்டேன்."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை எல்லாருக்கும் தெரியும். இங்கே எதிரிகூட இல்லை, கூடப்பிறந்தவள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, ஏதோ தானே திருடி அகப்பட்டதுபோல.

"டிக்கை ஏன் எடுத்தீங்கண்ணா?"

அவர் நிமிரவில்லை. பசையை ஒரே இடத்தில் தடவிக்கொண்டே இருந்தார். "நீ போயிட்டா இங்க யாரு வரைவா? அளவு நோட்டு உன்கிட்டதானே இருக்கு. மறுபடி வரைஞ்சா போச்சு. ஒரு வருஷம் ஆகுமா? ஆகட்டும். அதுவரைக்கும் இங்கேயே இரேன்."

அவள் மேசை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தாள். வெறும் எண்கள். இதைப் பார்த்து ஆஸ்பத்திரியில் வேலை தருவார்களா என்று அவளுக்குத் தெரியாது. தர மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. ஆனாலும் பைக்குள் வைக்கப் போனவள், நின்று, முதல் பக்கத்தை மட்டும் மடித்து நேராகக் கிழித்தாள்.

அண்ணனின் ஷூ குதிகால் தேய்ந்து, ஓரத்தில் வாய் பிளந்திருந்தது. புதுசு ஒண்ணு வெட்டணும் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களோடதும் அதுக்குள்ளதாண்ணா இருந்துச்சு. ஒண்ணாம் நம்பர்."

அவர் அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

அவள் அந்தத் தாளைப் பசை படாத இடமாகப் பார்த்து மேசையில் வைத்தாள். "அளவு இதுல இருக்கு. வரைய ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.