மணிவிழா மாலைகள்

நாற்பத்தொன்பது மணி நேரம் நான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

பெட்டி சங்ககிரியில், எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தது. நான் நாமக்கல்லில், பெரியம்மா மகளின் நிச்சயதார்த்தத்தில் இருந்தேன். கிளம்பும்போதே பெட்டிக்குள் பூ உலர்த்தும் சிலிக்கா மணிகள் ஓரத்தில் இளஞ்சிவப்பாகியிருந்தன. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. வேதியியல் படித்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போதே மணிகளை மாற்றியிருக்க வேண்டும். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். ஐப்பசி மழை இரண்டு நாளும் விடவில்லை.

விசேஷங்களில் போட்ட மாலைகளைப் பிரித்து, பூக்களை உலர்த்தி, கண்ணாடி பிரேமுக்குள் மறுபடி மாலை வடிவில் ஒட்டிக் கொடுக்கிறேன். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வரும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை.

இந்த மாலைகள் லாரி ஓட்டுநர் காளியப்பனும் அவர் மனைவி சௌந்திரமும் மணிவிழாவில் போட்டுக்கொண்டவை. ரோஜாவும் சம்பங்கியும். மறுநாள் காலை மகள் சத்யபிரியா கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவின் மாலையில் அடையாளத்துக்கு மஞ்சள் நூல் கட்டியிருந்தாள். தனித்தனிப் பெட்டிகளில் வைத்தேன்.

ஊரிலிருந்து வந்து திறந்தபோது மஞ்சள் நூல் மாலையின் பூக்கள் முழுவதும் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடித்திருந்தன. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். சௌந்திரம் அம்மாவின் மாலை நிறம் மாறாமல் காய்ந்திருந்தது. அதையே பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பிரேம்களில் ஒட்டினேன். இரண்டு மாலைகளும் ஒரே கடையில் கட்டியவை. பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்போகிறார்கள். யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஒட்டி முடித்த அன்று சத்யபிரியாவிடமிருந்து செய்தி வந்தது. காளியப்பன் காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். மணிவிழா நடந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

ஆறுதலாக ஒரு வரி அனுப்பினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி அடித்தேன். அழித்துவிட்டேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு சௌந்திரம் அம்மாவே வந்தார். மகள் கீழே காரில் இருந்தாள்.

“பூக்காரப் புள்ள நீதானா கண்ணு? இத்தனூண்டு இருக்கற. நான் என்னமோ பெரிய கம்பெனின்னு நெனச்சேன்.”

“நான் மட்டுந்தானுங்கம்மா.”

மேசையில் இரண்டு பிரேம்களும் இருந்தன. தொடுவதற்கு முன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“இதுல எது அவரோடது?”

என் கை இடப்பக்கத்து பிரேமைக் காட்டியது.

அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்குக் கழுத்து அரிச்சுப்போச்சு, மத்தியானமே கழட்டிட்டேன். அவரு கழட்டோணுமே. மாலையோடவே லாரி ஸ்டாண்டுக்குப் போயி டீ குடிச்சுட்டு வந்தாரு. ‘ஏனுங்க, புது மாப்பிள்ளைன்னு நெனப்புங்களா’ன்னேன். ‘உனக்குப் பொறாமை’ங்கறாரு. படுக்கப் போறப்பத்தான் ஆணியில மாட்டுனாரு.”

கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார்.

“அத்தனை நேரம் கழுத்துல கெடந்தும் எப்படி இருக்குது பாரு. இத என் கட்டிலுக்கு நேரா மாட்டிக்கறேன். என்னோடது எங்கியோ கெடக்கட்டும். பிரியா வேணும்னா எடுத்துக்கட்டும்.”

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். ஆண்கள் தோளில் போடும் துண்டு. அந்த பிரேமை மட்டும் அதில் சுற்றி முடிச்சுப் போட்டார். மற்றதை அப்படியே பையில் வைத்தார்.

“வாரேன் கண்ணு.”

படியில் பாதி இறங்கியிருந்தார். “அம்மா” என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். துண்டை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பினார்.

“என்ன சாமி, எதையாச்சும் உட்டுட்டனா?”

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அது உங்க மாலைங்கம்மா. ரெண்டு பிரேம்லயும் உங்களோடதுதான் இருக்குது. அவரோடது அழுகிப் போச்சுங்க. நான்தான் பாக்காம உட்டுட்டேன்.”