சிவலைப் பசுவும் பெரிய கமெராவும்

கலியாண வீடியோ எடுக்கிற பிரதாபனுக்கு வாய் நீளம். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்கள் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்ற நேரம் பார்த்து, என் புதுக் கமெராவை ஒருமுறை சுற்றி வந்தான்.

"யூலியட் அக்கா, இந்தப் பெட்டிக்குள்ள பாணும் சுடலாமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ திறந்த நாளிலிருந்து சின்னக் கமெராவோடு மாரடித்து அலுத்துப்போய், ஆசைப்பட்டு வாங்கிய பெட்டி அது. முன்னால் வில்லை, நடுவில் ஆர்மோனியம் போல விரிந்து சுருங்கும் கறுப்புத் துருத்தி, பின்னால் ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் கொழுவுகிற, படத்தைப் பதியும் டிஜிட்டல் தட்டு. எடுத்த படத்தைச் சுவரளவுக்குப் பெருப்பித்தாலும் கண்ணிமை முடி தனித்தனியாகத் தெரியும். ட்ரோனைப் பறக்கவிட்டு மணமக்களை எறும்பளவில் எடுக்கிறவனுக்கு இது எங்கே விளங்கப்போகிறது?

"யாகப்பு அண்ணையின்ர மகளின்ர கலியாணத்துக்கு முதல், இது எடுத்த படம் நெடுந்தீவில ஒரு சுவரில தொங்கும். தொங்காட்டி நான் வந்து உமக்கு லைற் பிடிக்கிறன்."

"தொங்கினா நான் உங்களுக்குப் பிடிக்கிறன்," என்றான் அவன்.

படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. அவனுக்கு லைற் பிடிப்பதைவிடக் கடலில் குதிக்கலாம்.

யாகப்பு அண்ணை நெடுந்தீவில் மாடுகளால் பெயர் எடுத்தவர். சம்பந்தி வீட்டார் வரும்போது, தானும் தன் மாடுகளும் நிற்கும் படம் விறாந்தைச் சுவரை நிறைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இந்தக் கமெராவில் ஒவ்வொரு முடியும் தெரியும் என்று தொலைபேசியில் நான் அளந்துவிட்டதால், மனிதர் அத்தனை மாட்டையும் குளிப்பாட்டி வைத்திருந்தார். ஆளைக் கிட்டவிடாத ஒரு சிவலைப் பசுவைக்கூட, தூர நின்று வாளியால் தண்ணீர் அடித்துச் சேறு போகக் கழுவியிருந்தார்.

கமெராவை மூடிய கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டுப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்த யாகப்பு அண்ணை அலறிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயோ பிள்ளை! என்ர மாடெல்லாம் காலை மேல தூக்கிக்கொண்டு கிடக்குது! கலியாண நேரத்தில இதென்ன அபசகுனம்?"

கண்ணாடியில் தலைகீழாகத்தான் தெரியும், படம் நேராக வரும் என்று கெஞ்சி அவரை மாடுகளுக்கு நடுவில் நிறுத்தினேன். சிவலை மட்டும் தூரத்துக் கல்வேலியோரம் போய் நின்றுகொண்டது.

படத்தை மடிக்கணினியில் போட்டதும் அயலே கூடிவிட்டது. யாகப்பு அண்ணை முதலில் தன் மீசையைப் பெருப்பிக்கச் சொன்னார். பிறகு மாடுகளை ஒவ்வொன்றாக. எதிர்வீட்டு ஞானசவுந்தரி அக்காவும் எட்டிப் பார்த்தார். தன் சிவலைப் பசு காணாமல்போன நாளிலிருந்து கண்ணில் படுகிற சிவலையை எல்லாம் சந்தேகப்படுகிறவர் அவர்.

"கடைசியில நிக்கிறதையும் பெருப்பி, பிள்ளை," என்றார்.

"காட்டு, காட்டு. ஒரு முடியும் தப்பாது!" என்று யாகப்பு அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார்.

பெருப்பித்தேன். காதில் இருந்த ஈ தெரிந்தது. பிறகு தொடை. நெடுந்தீவில் வெளியில் மேய்கிற மாடு யாருடையது என்பதைத் தொடையில் சுட்ட குறிதான் சொல்லும். யாகப்பு அண்ணையின் குறியான வட்டம் அங்கே இருந்தது. அந்த வட்டத்துக்கு அடியில் பழைய தழும்பாக ஒரு தூண்டில் வடிவம். அது ஞானசவுந்தரி அக்கா வீட்டுக் குறி.

"அது... பூச்சி கடிச்ச தழும்பு," என்றார் யாகப்பு அண்ணை.

"பூச்சி தூண்டில் போடுமோ?" என்றார் ஞானசவுந்தரி அக்கா.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் என்னை மாமரத்தடிக்கு இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "தூண்டிலை மட்டும் அழிச்சுவிடு பிள்ளை. அச்சடிச்சு வந்த உடனே சுவரில கொழுவுறன். இல்லாட்டி எனக்குப் படமே வேண்டாம்."

அழிப்பது கண் மூடித் திறக்கிற வேலை. மணப்பெண்களின் பருக்களை நான் அழிக்காததா? வாய் நுனிவரை "ஓம், சரி" வந்துவிட்டது. பிரதாபனின் பல்லிளிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி காட்டுகிற பெட்டியை வாங்கிவிட்டு முதல் படத்திலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஏலாது அண்ணை."

ஊரே பார்த்துவிட்டதால் அவர் பசுவைக் கொடுத்துத்தான் தீரவேண்டியிருந்தது. நான் முகம் தொங்கிப்போய்ப் படகுக்கு நடந்தேன். பின்னால் ஞானசவுந்தரி அக்கா மூச்சுவாங்க ஓடிவந்தார்.

"எனக்கு ஒரு படம் வேணும். முழுப்படம் வேண்டாம். தொடை மட்டும். சுவர் நிறைய."

கலியாணத்துக்கு முதல்நாள் அவர் வீட்டுக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. பந்தலுக்குப் போன சம்பந்தி வீட்டார் எல்லோரும் உள்ளே வாசலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கிய மாட்டுத் தொடையை நின்று பார்த்துவிட்டே போனார்கள். கலியாண வீடியோவுக்கு வந்த பிரதாபனும் ட்ரோனைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இதுவும் நெடுந்தீவில ஒரு சுவர்தானே?" என்று கேட்டேன்.

ஞானசவுந்தரி அக்காவையும் சிவலையையும் வாசலில் நிறுத்தி இன்னொரு படம் எடுக்க வேண்டியிருந்தது. லைற்றை அவன் கையில் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போம். மாட்டுக்குப் பின்னால."

சிவலை ஆளைக் கிட்டவிடாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.