நாலு விரல் தாழ்ந்த தொட்டி

ஒன்பதாம் வகுப்புக்கு நிலை ஆற்றலையும் இயக்க ஆற்றலையும் பதினோரு வருஷமாக நடத்துகிறவள் நான். என் வீட்டுக் குளியலறையில் அது எடுபடவில்லை.

1983 தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் சுந்தரராஜ் மதுரையிலிருந்து ஒரு ஷவர் வாங்கி வந்தார். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் ஷவர். எங்கள் ஜவுளிக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் துணியைக் காட்டுமுன் ஷவரைப் பற்றிச் சொன்னார். அதோடு விட்டாரா? தீபாவளிக் குளியலை அடுத்த வீட்டில் இருக்கும் தன் அண்ணன் தங்கப்பழம்தான் அதில் தொடங்கிவைக்க வேண்டும் என்று கூப்பிட்டும் விட்டார். அப்பா இல்லாத வீட்டில் இவரை வளர்த்து ஆளாக்கிய அண்ணன். அவர் முன்னால் தலைகுனிவு வந்தால் இந்த மனுஷன் தாங்கமாட்டார்.

சிக்கல் தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. இவர்கள் குடும்பத்தில் தம்பி வீட்டில் எதுவும் அண்ணன் வீட்டைவிட உயரக் கூடாது. அண்ணன் வீட்டுத் தொட்டி குளியலறைக் கூரைமேல், ஏழடி உயரத்தில். எங்களுடையது அதற்கும் நாலு விரல் கீழே. ஷவரோ ஆறரை அடியில். உயரத்தில் இருக்கிற தண்ணீரிடம்தான் நிலை ஆற்றல் சேர்ந்திருக்கும், இறங்கும்போது அதுதான் வேகமாக மாறும், அரையடிகூட இறங்காத தண்ணீருக்கு என்ன வேகம் வரும், தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி தொட்டிக்கு மேல என் தொட்டியா? ஒன் பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கோ" என்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் முறுக்கு மாவை இரண்டு தடவை பிசைந்தேன்.

தீபாவளி காலையில் இவர் அண்ணன், எனக்கு அத்தான் முறை, துண்டு கட்டிக்கொண்டு, தலையிலிருந்து நல்லெண்ணெய் வழிய, ஷவரடியில் வந்து நின்றார். இவர் குழாயைத் திருகினார். கண்ணுக்கு மருந்து விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இவர் முகம் செத்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. என் கோபமெல்லாம் போய்விட்டது.

"அத்தான், மாடியில வச்சாத்தான் தண்ணி வேகமா வரும். ஒங்க தொட்டியவிட ஒசந்திரக் கூடாதுன்னு இவிய கீழ வச்சிட்டாவ" என்றேன்.

அத்தான் எண்ணெய் இறங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். "ஏலே, நீ ஒசரணும்னுதானல ஒன்ன வளத்தேன். மாடியில தூக்கி வையி. இப்பம் ஒரு வாளி தண்ணி கொண்டா, கண்ணு எரியுது."

இவர் அழுதுகொண்டே வாளியை எடுக்க ஓடினார்.

மாடித் தொட்டிக்கு முதல் கல்லை அத்தானே எடுத்து வைத்தார். தண்ணீர் விழுந்த வேகத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டவரும் அவர்தான். அதன்பின் சனிக்கிழமை தவறாமல் எண்ணெயும் கையுமாக வந்துவிடுகிறார்.

தொட்டியைக் கழுவ இவர் மாடிக்கு ஏறும்போது மட்டும், அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறார்.