போல்ட்டுக்குப் பத்து நாள் விடுமுறை

முதலாளி கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரு. உன் கண்ணாலயே பாரு." எங்கள் இரும்பு யார்டு கேமராவில் பதிந்த படம். அன்று விடிகாலை ஐந்தே முக்கால் மணி. பின்சுவரைத் தாண்டி மூன்று பேர் குதிக்கிறார்கள். செம்புக் கம்பிகள் அடுக்கியிருக்கும் கொட்டகை வாசலில் காவல்காரர் நாற்காலியை விட்டு எழுகிறார். ஒருவன் இரும்புக் குழாயால் அவர் தலையில் அடிக்கிறான். விழுந்த பிறகும் இரண்டு அடி. மூன்றாமவன் மட்டும் நாயைப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். போல்ட்டு சங்கிலியை இழுத்தபடி அவனிடம் போகிறது. உட்காருகிறது. வலது முன்காலைத் தூக்கி நீட்டுகிறது. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு அதைப் பிடித்துக் குலுக்குகிறான்.

வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். காவல்காரருக்கு மண்டையில் பதினேழு தையல். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. கேஸ் கட்டரால் இரும்பு அறுக்கிற கட்டர்காரன், "இதுக்கு யாருடா கை குடுக்கச் சொல்லிக் குடுத்தது?" என்றான். சொல்லிக்கொடுத்தது என் மனைவி. அழைத்துக்கொண்டு போனது நான்.

இந்தப் பழைய இரும்பு யார்டில் பதினொரு வருடமாகக் காந்தக் கிரேன் ஓட்டுகிறேன். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பத்து நாள் யார்டை மூடிவிட்டு முதலாளி குடும்பத்தோடு ஊர் சுற்றப் போய்விடுவார். நாய்க்குச் சோறு வைக்கிற வேலை என் தலையில் விழும். போல்ட்டுக்கு ஆறு வருடமாக எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரே சங்கிலி. குட்டியாக இருந்தபோதே கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கடிக்கப் பழக்கியவர் முதலாளிதான். இந்த முறை என்னோடு சோற்றுப் பாத்திரம் தூக்கிக்கொண்டு வந்த மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, பொறந்ததுலேர்ந்து இரும்பைத் தவிர எதையுமே பாக்காத ஜென்மம் இது. லீவு நமக்கு மட்டும்தானா?" என்றாள். என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டேன். "வாங்கிப் பொட்டலம் கட்டிக் குடுத்தாத்தான் பரிசா? நாம போற எடத்துக்கெல்லாம் அதுவும் வரட்டும்."

முதல் நாள் தெருமுனை வரைதான் போக முடிந்தது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் போல்ட்டு என் காலுக்கிடையில் புகுந்துகொண்டது. யார்டே அலறுகிற மாதிரி குரைக்கும் நாய்க்கு இவ்வளவு பயமா என்று இருந்தது. மூன்றாம் நாள் ஏரிக்குப் போனோம்; தண்ணீரில் கால் வைத்ததும் அது தன் காலையே தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஐந்தாம் நாள் ரயில் பார்க்க மேம்பாலம். ஏழாம் நாள் சலூன். கடைக்காரர் போனால் போகிறது என்று உண்ணி எடுத்துச் சீவிவிட்டார். ஒன்பதாம் நாள் விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் அதை மொய்த்துக்கொண்டார்கள். கை கொடு, கை கொடு என்று என் மனைவி பழக்கியிருந்ததை முப்பது பேருக்காவது செய்து காட்டியிருக்கும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. காவல் நாய்க்கு ஊரெல்லாம் நல்லவர்கள் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, யார்டு திறந்த பிறகு அதன் கதி என்ன என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அந்த மடத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு முதலாளி இரும்புக் கம்பி ஒன்றை உருவிக்கொண்டு எடைமேடைக்கு நடந்தார். போல்ட்டு எழுந்து வாலை ஆட்டியது. முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது விலாவில், உள்ளே ஏதோ முறிந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அது ஓடவும் இல்லை, பல்லைக் காட்டவும் இல்லை. ஊர்ந்து வந்து அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது. அவருக்கு வெறி இன்னும் ஏறியது.

"மொதலாளி, தப்பு என்னோடது," என்று கம்பியைப் பிடித்தேன். "லீவுல வெளிய கூட்டிட்டுப் போனேன். ஆளுங்களோட பழக்கிட்டேன். இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோயிடறேன்."

அவர் கம்பியைப் பிடுங்கி என் தோளில் ஒன்று வைத்தார். "என் சோத்தைத் தின்ன நாய் உயிரோட இந்த கேட்டைத் தாண்டாது. அங்க ஒரு மனுஷன் சாகக் கெடக்கறான்டா."

காவல்காரர் தினமும் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பவர்.

"கடிக்கத் தெரியாத நாய் எனக்கு எதுக்கு?" அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒரே ஒரு ஆளைக் கடிச்சுக் காட்டச் சொல்லு, விட்டுடறேன். இல்லேன்னா அடுத்த அடி மண்டையில."

கட்டர்காரன் பின்னால் நகர்ந்தான். நான் போல்ட்டின் முன்னால் மண்டியிட்டு வலது கையை அதன் வாயருகே கொண்டுபோனேன். நக்கியது. கன்னத்தில் அறைந்தேன். கண்ணை மூடித் திறந்துவிட்டு, நடுங்கிக்கொண்டே முன்காலைத் தூக்கி நீட்டியது. சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் புத்தி கெட்டது. எழுந்து பூட்ஸ் காலால் அதன் வயிற்றில் உதைத்தேன். "கடிடா," என்றேன். மறுபடி உதைத்தேன். அது சங்கிலி போகிற அளவுக்குப் பின்னால் போய், அதற்கு மேல் போக முடியாமல் என்னைப் பார்த்தது. என்ன தப்பு செய்தோம் என்று தேடுகிற பார்வை. முறிந்த விலா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த விலாவிலேயே உதைத்தேன்.

போல்ட்டு கத்திக்கொண்டு என் மேல் பாய்ந்தது. முன்கையில் பல் எலும்பு வரை இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே, கடித்தது என்னை என்று தெரிந்தோ என்னவோ, அது வாயைத் திறக்கப் பார்த்தது. முதலாளி இன்னும் கம்பியைக் கீழே போடவில்லை. நான் கையை அதன் வாய்க்குள் இன்னும் ஆழமாகத் திணித்தேன். இடது கையால் அதன் பிடரியைப் பிடித்து என் பக்கமாக அழுத்திக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அது விடாமல் கடிக்கிறது என்று தெரிய வேண்டும்.

"மொதலாளி, போதும்னு சொல்லுங்க," என்றான் கட்டர்காரன்.

முதலாளி கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டு மூச்சுத் திணறி, நாக்கால் என் கையை வெளியே தள்ளத் தள்ள, நான் மறுபடி மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.