சோம்பேறிப் பொத்தான்

பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிவிட்டது. இசைக்குழுவில் கீபோர்டு வாசித்துவந்த அவருடைய வலக்கை விரல்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் அழுத்தும். ஒன்றன்பின் ஒன்றாக ஓட மட்டும் மறுத்தன. சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட்டாள்.

கீபோர்டில் அர்பெஜியேட்டர் என்று ஒரு வசதி உண்டு. மூன்று கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் போதும். கருவியே அந்த மூன்று சுரங்களையும் தனித்தனியாகப் பிரித்து, கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாக வரிசையாய் வாசித்துக்கொண்டே இருக்கும். எந்த வேகம் என்பதை ஒரு திருகைத் திருப்பி வைத்துவிடலாம். கை எதை இழந்ததோ, அதற்கே அளவெடுத்துத் தைத்தது போன்ற வசதி. அதை இத்தனை வருடம் ‘சோம்பேறிப் பொத்தான்’ என்று கேலி செய்தவர் அவர்.

ஒருநாள் மத்தியானம் அதைப் போட்டுப் பார்த்தார். மனைவி ஈரக்கையோடு ஓடிவந்து கதவருகே நின்றாள்.

“விரல் ஓடுதுங்க!” என்று அழுதேவிட்டாள். “சட்டைப் பொத்தானும் சீக்கிரம் போட வந்துடும், பாருங்க.”

இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றே அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன்தான் குழுவின் டிரம்மர், குழுவை நடத்துபவரும் அவரே.

சனிக்கிழமை காலை வந்தார்.

“என்ன மாப்ளே, லீவு போட்டு நல்லா தேறிட்டே போல! உன் இடத்துல உக்காந்திருக்கிறவன், நிரந்தரமா என்னை வெச்சுக்குங்கன்னு நச்சரிக்கிறான். வாசி, கேட்டுட்டு அவனைத் துரத்திடறேன்.”

அவர் அழுத்தினார். சுரங்கள் ஓடின. டீத் தட்டோடு எதிரே நின்ற மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

டிரம்மர் தட்டிலிருந்த இரண்டு கரண்டிகளை எடுத்து மேசை விளிம்பில் தாளம் போட்டார். இருபது வருடம் சேர்ந்து வாசித்தவர்களுக்குள் ஒரு பழக்கம் இருக்கும். ஒருவர் வேகத்தில் சற்றுத் தளர்ந்தால் மற்றவரும் தளர்வார். கண்ணால்கூடச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. டிரம்மர் வழக்கம்போல் கொஞ்சம் தளர்ந்தார். சுரங்கள் தளரவில்லை. இன்னும் கொஞ்சம். அவை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

கரண்டிகள் நின்றன.

“நல்லா வாசிக்கிறாரில்ல அண்ணா?”

“ஒரு பிசிறு இல்லம்மா” என்றார் டிரம்மர். டீயைத் தொடவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்: “கை எப்படி இருக்கு மாப்ளே?”

“பொத்தான் இன்னும் உங்க தங்கச்சிதான் போட்டுவிடறா மச்சான்.”

டிரம்மர் தலையாட்டினார். “அவகிட்ட நான் எதுவும் சொல்லல. அந்தப் பையனையே இருக்கச் சொல்லிடறேன்.”

உள்ளே திரும்பியபோது மனைவி கீபோர்டுக்குப் பின்னால், அவர் நாற்காலியை ஒட்டி நின்றிருந்தாள்.

“அண்ணன் அவசரத்துல சரியாவே கேக்கல. எனக்காக இன்னொரு தடவை வாசிங்க.”

உட்கார்ந்து மூன்று கட்டைகளை அழுத்தினார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“கொஞ்சம் மெதுவா வாசிங்களேன்” என்று சொல்லிக் கண்ணைத் திறந்தாள்.

அவருடைய இடக்கை அதற்குள் வேகத் திருகின் மேல் இருந்தது.